மாப்பிள்ளையின் கண்ணில் சந்தனம்

என் வீட்டுக்காரரின் கட்டைவிரலை ரேஷன் கடை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் வைப்பார், மறுபடியும் சிவப்பு. "ரேகையே இல்லையே அண்ணாச்சி, வீட்டுல அக்காவ வரச் சொல்லுங்க" என்று கடையில் இருக்கிற பெண் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் உலை முன்னால் சூட்டுக் குறடு பிடித்த விரல். ரேகையெல்லாம் போய் வழவழவென்று ஆகிவிட்டது, நடுவில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு மட்டும் குறுக்காக ஓடும். அதனால் எங்கள் வீட்டில் அரிசி வாங்க வரிசையில் நிற்பது எப்போதும் நான்தான். கால் கடுக்க நிற்கும்போது எனக்குக் கோபம் வரும். யார் மேலாவது எரிந்து விழுவேன். ஆனால் அந்த விரலை மட்டும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்ல முடியுமா? எங்கள் வீட்டுச் சோறு அந்த விரல் போட்டது.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கிற பட்டறை. மண்வெட்டி, கோடாலி, கடப்பாரை செய்கிற இடம். ராயகிரியிலும் வீரகேரளம்புதூரிலும் கடை வாசலில் தொங்குகிற மண்வெட்டிகளில் பலவற்றுக்கு நான்தான் பெயிண்ட் அடித்திருப்பேன். எனக்குப் பெயிண்டும் லேபிளும். அவருக்கு உலை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு.

உலை என்றால் ஆள் படுக்கிற நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கிற செங்கல் பெட்டி. ஒரு பக்கம் உள்வாசல், இன்னொரு பக்கம் வெளிவாசல். வெட்டி வைத்த இரும்புத் துண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையாக உள்ளே கிடக்கும். உள்வாசலில் ஒரு பச்சைத் துண்டை வைத்துக் கம்பியால் தள்ளினால், அந்த வரிசையே நகர்ந்து, வெளிவாசல் பக்கம் பழுத்த துண்டு ஒன்று தலையை நீட்டும். அதைக் குறட்டால் பிடித்து இழுத்து அடிக்கிற மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். தள்ளுகிற வேலையை யாரும் செய்யலாம். இழுக்கிற வேலை அவர் ஒருவருக்குத்தான். நிறம் பார்க்கத் தெரிய வேண்டும். மிளகாய்ப்பழச் சிவப்பில் எடுத்தால் வேகவில்லை என்று அர்த்தம், ஆரஞ்சுத் தோல் நிறத்தில் எடுக்க வேண்டும், அதையும் தாண்டி வெளுத்துவிட்டால் இரும்பு பாழ். நாள் முழுக்க அந்த வாசலுக்கு நேர் எதிரே, இரண்டு முழம் தள்ளி, நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

குற்றாலம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். சீசன் வந்தால் சாரல் பட்டறைக் கூரை மேலேயே விழும். எங்கெங்கிருந்தோ வேன் வேனாக வந்து குளித்துவிட்டு, எண்ணெய் வழியும் தலையோடு மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் அருவிப் பக்கம் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். உலை வேலை பார்க்கிறவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. சூடு ஏறின உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்பார்கள். வீட்டிலும் வெந்நீர்தான். "ஞாயித்துக்கிழமையாவது போவமே, அன்னைக்குச் சூடு எறங்கியிருக்கும்லா" என்று கேட்டால், "ஒரு நாள்ல எறங்குத சூடாட்டி இது?" என்று சிரிப்பார். நான் அக்கம்பக்கத்துப் பெண்களோடு போய்க் குளித்துவிட்டு வருவேன். ஈரத் தலையோடு அவர் முன்னால் நடக்கக் கூச்சமாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு முதல் தடவை கிட்னியில் கல் வந்தது. தரையில் உருண்டு துடித்தார். போன வருஷம் இரண்டாவது தடவை. அதோடு விட்டதா? ஒருநாள் உலை முன்னாலேயே மயங்கி விழுந்தார். பின்பக்கம் விழுந்தாரோ பிழைத்தாரோ. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவரிடம் பேசாமல் என்னிடம் பேசினார்.

"வேர்வையா எல்லாத் தண்ணியும் போயிருது. இனிமே நெருப்பு முன்னால நிக்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னியக் காப்பாத்த முடியும்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீடு வந்ததும், "எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றார். மறுநாள் குறட்டைத் தூக்கிவிட்டார். நான் அழுது பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன், கல்லில் முட்டிக்கொண்ட மாதிரிதான்.

சரி, இவரிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று முதலாளி அண்ணாச்சியிடம் போனேன். நான் கொஞ்சம் வாய்க்காரி. எங்கள் தெருவுக்கே தெரியும்.

"அண்ணாச்சி, துண்டத் தள்ளி விடுததுக்கு மெஷின் இருக்காம்லா, அத வாங்குங்க. இல்லேன்னா நாளைலேருந்து உலை முன்னால நான் நிக்கேன், அவரு பெயிண்ட் அடிக்கட்டும்."

அண்ணாச்சி முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். பத்து நாள் யோசித்தார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பேசி, ஆடி மாசக் கடைசியில் மெஷின் வந்து இறங்கியது. வெள்ளோட்டத்துக்குத்தான் வந்தது. எல்லோரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு அண்ணாச்சி சொல்லிவிட்டார்:

"ஆயுத பூஜை முடியிற வரைக்கும் பாப்பேன். ஒழுங்கா ஓடுச்சுன்னா இருக்கட்டும். மக்கர் பண்ணுச்சுன்னா வந்த லாரியிலயே ஏத்தி அனுப்பிருவேன். பெறவு பழையபடி குறடுதான், என்னவே?"

என் வீட்டுக்காரர் "சரி அண்ணாச்சி" என்றார். இவருடைய கிட்னி அந்த இரும்புப் பெட்டியின் நடத்தையில் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

மெஷின் செய்கிற வேலை எளிதுதான். உள்வாசலில் துண்டுகளை மேடையில் அடுக்கி வைத்தால், இரும்புக் கை ஒன்று நீண்டு ஒரு துண்டை உள்ளே தள்ளும். வெளிவாசலில் பழுத்த துண்டு சரிவுத் தகட்டில் விழுந்து, தானாகப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு அடிக்கிற மெஷினுக்குப் போய்விடும். அந்தச் சரிவுக்கு இரண்டு பக்கமும் இடுப்புயரத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு கண்ணாடிக் கண். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு வெளிச்சம் போகும். துண்டு விழும்போது வெளிச்சம் மறையும், அது போனபிறகு திரும்பி வரும். வெளிச்சம் திரும்பி வந்தால்தான் கை அடுத்த துண்டைத் தள்ளும். துண்டு மேல் துண்டு விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. நிறம் பார்க்கிற வேலையை உலைக்குள் இருக்கிற மீட்டர் பார்த்துக்கொண்டது.

பட்டறையில் எல்லோரும் அதற்குப் புது மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெயில் படாமல் தட்டி கட்டியது என்ன, தினமும் துடைத்தது என்ன. "மாப்பிள்ள இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு", "மாப்பிள்ளைக்கு எண்ணெ போட்டாச்சா" என்று கேலிதான். என் வீட்டுக்காரர் மட்டும் அதை ஒரு பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. அவருக்கு இப்போது உள்வாசல் பக்கம் வேலை, நெருப்புக்கு எட்டாத தூரத்தில் துண்டுகளைப் பார்த்து அடுக்குவது. மத்தியானம் சட்டை நனையாமல் சாப்பிட வந்தார். கலியாணம் ஆன நாளாக நான் பார்க்காத காட்சி அது. ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். பிடுங்கி நட்ட நாற்று மாதிரி துவண்டு உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது வாரம் உலைக்குள் துண்டுகள் ஒன்று மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரிசை சிக்கியது. உலையை ஆற விட்டுப் பிரித்து எடுக்க ஒரு நாள் ஆனது. அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். இவர் ஒரு துண்டை எடுத்து முனையைத் தடவிப் பார்த்தார். "வெட்டுன எடத்துல பிசிறு நிக்கி. கையால இழுக்கும்போது நான் நெம்பி விட்டுருவேன். அதுக்கு நெம்பத் தெரியாதுல்லா" என்றார். அன்றிலிருந்து பிசிறை அரத்தில் தேய்த்துவிட்டுத்தான் அடுக்கினார், பிறகு ஏறவில்லை. நல்லதுதான் செய்தார். ஆனால் அந்த "அதுக்குத் தெரியாதுல்லா" என் காதிலேயே நின்றது. மாப்பிள்ளை தோற்றுப் போக வேண்டும் என்று இந்த மனுஷன் உள்ளுக்குள் காத்திருக்கிறாரோ? கேட்டால் சொல்லுகிற ஆளும் இல்லை. எனக்கு ராத்திரி தூக்கம் போனது.

ஆயுத பூஜை வந்தது. காலையிலிருந்து கழுவல், துடைப்பு. சாயங்காலம் பட்டறையில் உள்ள அத்தனைக்கும் சந்தனம், குங்குமம். அடிக்கிற மெஷின், அரம், சுத்தியல், தராசு, அண்ணாச்சியின் ஸ்கூட்டர், நான் பெயிண்ட் அடிக்கிற பிரஷ் வரைக்கும். மாப்பிள்ளைக்கு ஆளாளுக்கு வந்து பொட்டு வைத்தார்கள். சுவிட்ச் பெட்டியில் நான் இரண்டு வைத்தேன். பண்பொழி மலை இருக்கிற திசையைப் பார்த்து, முருகா, இது ஓடட்டும், அவர் பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரரைக் காணோம். பொரி கடலை கொடுக்கும்போதுதான் வந்து நின்றார். "மாப்பிள்ளைக்கு ஒரு பொட்டு வைக்கலையா அண்ணாச்சி?" என்று யாரோ அவரைக் கேலி செய்ய, "அதான் ஊரே வச்சிருக்கீங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு நல்ல நேரத்தில் முதல் துண்டு வெளியே வந்தாக வேண்டும், வருஷம் முழுக்க வேலை தடையில்லாமல் நடக்கும் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. விடியும் முன்பே பர்னரை ஏற்றிவிட்டார்கள். உலைக்குள் பழைய வரிசை அப்படியே இருந்தது. தள்ளினால்தானே வெளியே வரும், ஆகவே கடைசி வரிசை எப்போதும் உள்ளேயே கிடக்கும். பத்து மணிக்கு அது ஆரஞ்சாகப் பழுத்து நின்றது. அண்ணாச்சி லட்டு டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு, சாமி கும்பிட்டு, பொத்தானை அழுத்தினார்.

கை நீளவில்லை. சுவிட்ச் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அணைத்துப் போட்டார், சிவப்பு. இன்னொரு தடவை, சிவப்பு. வெளிவாசல் அடைத்திருக்கிறது என்று மெஷின் எழுத்துக் காட்டியது. போய்ப் பார்த்தால் சரிவுத் தகடு துடைத்துவிட்டது போலக் கிடந்தது, ஒரு தூசி இல்லை. அண்ணாச்சி கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்து ஆள், "சென்சார் க்ளீனா இருக்குதுங்களா?" என்று கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நேத்துத்தானய்யா பூஜை! மூலை முடுக்கு விடாமத் தொடச்சுப் பளபளன்னு வச்சிருக்கோம்."

"அப்ப நேர்ல வந்துதாங்க பாக்கணும். லீவு முடிஞ்சு, நாளான்னைக்கு வர்றோம்."

அண்ணாச்சி போனை மேஜை மேல் எறியாத குறையாக வைத்தார். நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம்தான் இருந்தது. உலைக்குள் துண்டுகள் வெளுக்க ஆரம்பித்திருந்தன. "சவத்த மூதி மெஷினு! நாளான்னைக்கு வந்து அவனுவளே கழத்திக்கிட்டுப் போவட்டும்" என்று கத்தினார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "எடும்வே குறட்ட."

இவர் ஒரு நொடி கூட நிற்கவில்லை. நேரே சுவரோரம் போய், ஆணியில் தொங்கிய குறட்டை எடுத்தார். எவ்வளவு வேகம்! தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளிவாசலைப் பார்த்து நடந்தார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. கையில் இருந்த பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவர் எப்போதும் நிற்பாரே, வாசலுக்கு நேர் எதிரே இரண்டு முழம் தள்ளி, அங்கே போய்க் குறுக்கே நின்றுகொண்டேன். நெருப்பு முதுகில் அறைந்தது.

"இதுக்குத்தான காத்துக்கிட்டு இருந்திய! மெஷினு நின்னா ஒங்களுக்குச் சந்தோஷம்! நான் தாலியறுத்தா ஒங்களுக்குச் சந்தோஷம்! அடிங்க, என்னத் தள்ளிவிட்டுட்டுப் போங்க!"

நல்ல நாளும் அதுவுமாக இப்படியா பேசுவது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் குறட்டோடு அப்படியே நின்றார். அண்ணாச்சி, "ஏம்மா, தள்ளு, சேலையில பத்திக்கிடும்" என்று அலறினார். முதுகுச் சூடு பொறுக்காமல் வாசலை விட்டு ஒரு எட்டு விலகினேன். விலகியபோது என் வலது கை அந்தக் கம்பத்தில் பட்டது. திரும்பிப் பார்த்தேன்.

கம்பத்தின் முன்பக்கம், கண்ணாடிக் கண்ணின் மேலேயே அப்பியிருந்தது ஒரு சந்தனப் பொட்டு. காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. சுவிட்ச் பெட்டிப் பக்கம் நின்று பார்க்கிறவர்களுக்குக் கம்பத்தின் பளபளப்பான முதுகுதான் தெரியும். உலையைப் பார்த்து நிற்கிறவர் இடத்தில் நின்றால்தான் இது தெரியும்.

கட்டைவிரலால் வைத்த பொட்டு. பெரிய விரல். சுவிட்ச் பெட்டியில் நாங்கள் வைத்த பொட்டுகளில் கோடு கோடாக ரேகை விழுந்திருக்கும். இதில் ஒரு கோடு கிடையாது. வழவழவென்று இருந்தது. நடுவில் குறுக்காக ஒரே ஒரு தழும்பு.

ரேஷன் கடை மெஷினுக்குத் தெரியாத விரலை எனக்குத் தெரியாதா?

முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். எச்சில் தொட்டுத் துடைத்தேன். சிவப்பு போய்ப் பச்சை எரிந்தது. உள்வாசலில் கை 'தும்'மென்று நீண்டது. நான் ஓரமாகத் துள்ளி விழாத குறை. ஆரஞ்சுத் துண்டு ஒன்று தலையை நீட்டி, சரிவில் விழுந்து, வழுக்கிக்கொண்டு போனது. அடுத்தது. அடுத்தது. பட்டறையே கைதட்டியது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி வந்து என் முந்தானையில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார். "எந்த மடப்பய அங்கன கொண்டுபோயிப் பொட்டு வச்சான்?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் அண்ணாச்சி. நெத்தின்னு நெனச்சு வச்சிட்டேன்."

அண்ணாச்சி என்னையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு நெத்தியில வையின்னா கண்ணுல வச்சா, பாவம் அவன் எப்படிம்மா பொண்ணப் பாப்பான்?" நல்ல நேரம் முடிய மூன்று நிமிஷம் இருந்தது. டப்பாவைத் திறந்து முதல் லட்டை என் கையில் கொடுத்தார். கோயம்புத்தூருக்கு மறுபடியும் போன் போட்டு, மெஷின் இங்கேயே இருக்கட்டும், யாரும் வர வேண்டாம் என்றார். அதை நான் இந்தக் காதால் கேட்டேன். என் வீட்டுக்காரர் குறட்டைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டுத் துண்டு அடுக்கப் போனார்.

விஜயதசமிக்கு அரை நாள்தான் வேலை. வெளியே வந்ததும் அவர் மொபெட்டை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. "எங்கன போறிய?" என்றேன். "ரெண்டு மாசம் ஆச்சுல்லா, சூடு எறங்கியிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தருவியில் கூட்டம் அதிகமில்லை. முந்தின வாரம் மலையில் மழை பெய்ததால் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. ஆண்கள் பக்கம் அவர் முதலில் ஓரமாகக் கையை நீட்டிப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார், மறுபடியும் நீட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நரம்பு இழுத்துக்கொண்டால் என்ன செய்வது? ஒன்றும் ஆகவில்லை. வெகுநேரம் கழித்துத் தலை முழுக்க நீர் வழிய, பல் கிட்டிக்க, குளிரில் நடுங்கிக்கொண்டு படியேறி வந்தார். அந்த மனுஷன் குளிரில் நடுங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. துண்டைக் கொடுத்தேன்.

"ஏட்டி, நீ எதுக்கு நான்தான்னு சொன்ன?"

"பின்ன, ஒங்கள வைய விட்டுட்டுப் பாத்துக்கிட்டு நிப்பேனா? ஒரு பொட்டு வைக்கணும்னா எல்லாரும் வைக்கிற எடத்துல வைக்கக் கூடாதா? அங்கன போயி எதுக்கு வச்சிய?"

தலையைத் துவட்டுவதை நிறுத்தினார்.

"எல்லாரும் இருக்கும்போது வைக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. நீங்கல்லாம் பொரி எடுக்கப் போனப்ப வச்சேன். அங்கன கண்ணு இருக்குன்னெல்லாம் நான் பாக்கல. நான் நிக்கித எடத்துல போயி நின்னேன். கைய நீட்டுனேன். எட்டுன எடத்துல வச்சேன்." பிறகு அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பதிலா நிக்கிதுலா அது."

காலையில் நான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை எனக்கு. அவர் கையை எடுத்து, அந்தக் கட்டைவிரலை என் முந்தானையால் துடைத்துவிட்டேன். தண்ணீரில் ஊறி அது சுருங்கிப் போயிருந்தது.

"இன்னொரு தடவ போயிட்டு வரட்டா?" என்றார்.

"போங்க, யாரு வேண்டாங்கா" என்றேன்.

ஈரத் துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.